பெட்டி வாசலுக்குப் போன பிறகு

கப்பல் பயணத்தின் கடைசி ராத்திரி என்ன உடுத்தலாம் என்று யாராவது கேட்டால், "பெட்டியை எத்தனை மணிக்கு வெளியே வைக்கச் சொல்லியிருக்காங்க?" என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். கேட்டவர் முழிப்பார். ஆனால் அந்த ராத்திரி உடுப்பைத் தீர்மானிப்பது விருந்தும் இல்லை, கேப்டனும் இல்லை. பெட்டிதான்.

நான் தூத்துக்குடிக்காரன். வெளிநாட்டுப் பயணிகள் கப்பல்களில் பல வருஷம் கேபின் ஸ்டீவர்டாக வேலை பார்த்தவன். படுக்கை விரிப்பது, குளியலறை கழுவுவது, துண்டை மடித்து யானையும் குரங்குமாகக் கட்டில்மேல் உட்கார வைப்பது எல்லாம் என் வேலை. பயணிகளின் அலமாரியை அவர்களுக்கு அடுத்தபடியாக அதிகம் பார்ப்பவன் ஸ்டீவர்டுதான். எந்த கோட்டு ஒரு தடவைகூட ஹேங்கரை விட்டு இறங்கவில்லை, எந்தக் கவுனுக்கு விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை என்று எங்களுக்குத் தெரியும். சொல்ல மாட்டோம், அவ்வளவுதான்.

கடைசி ராத்திரி என்ன நடக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கப்பல் ஊர் திரும்புவதற்கு முன்பே அறைக்கு அறை லக்கேஜ் டேக் கொடுத்துவிடுவோம். ஒவ்வொன்றிலும் ஒரு நிறமோ எண்ணோ இருக்கும். அதைப் பெட்டியில் கட்டி, ராத்திரி பத்து, பதினொன்றுக்குள் அறை வாசலில் வைத்துவிட வேண்டும். நேரம் கப்பலுக்குக் கப்பல் மாறும். அதற்குப் பிறகு நடைபாதை எங்கள் கையில். இழுத்துப் போய், ஊழியர் லிஃப்டில் இறக்கி, இரும்புக் கூண்டுகளில் அடுக்குவோம். கப்பலின் கீழ்த்தளத்தில் ஊழியர்களுக்கென்று ஒரு நீளப் பாதை ஓடும். அமெரிக்கக் கம்பெனிக் கப்பல்களில் அதற்கு 'ஐ-95' என்று பட்டப்பெயர். அமெரிக்காவின் கிழக்குக் கரையோர நெடுஞ்சாலையின் பெயர் அது. அன்றைக்கு ராத்திரி அங்கே நிஜமாகவே டிராஃபிக் ஜாம்தான். விடிகாலையில் கப்பலைக் கரையில் கட்டியதும் ஃபோர்க்லிஃப்ட் வந்து கூண்டுகளை இறக்கும். துறைமுகக் கூடத்தில் நிறவாரியாகப் பெட்டிகள் வரிசையில் நிற்கும். பயணி தன் பெட்டியை மறுபடி அங்கேதான் பார்ப்பார்.

ஏன் இந்த அவசரம்? மூவாயிரம், ஐயாயிரம் பேர் ஏறும் கப்பல்கள் இவை. காலையில் ஒரு கூட்டம் இறங்கி, மத்தியானமே அடுத்த கூட்டம் ஏறும். காலை முகூர்த்தம் முடிந்ததும் மண்டபத்தைக் காலி பண்ணச் சொல்வார்களே, சாயங்கால ரிசப்ஷன்காரர்கள் வாசலில் காத்துக்கொண்டு நிற்க, அதே கதை. அத்தனை பேரும் ஆளுக்கு ரெண்டு பெட்டியோடு லிஃப்டுக்கு வந்தால் சாயங்காலம்வரை கப்பல் காலியாகாது.

ஆகவே பெட்டி வாசலுக்குப் போனதிலிருந்து மறுநாள் காலை கரையில் அதைப் பார்க்கும்வரை, உடம்பில் இருப்பதும் கைப்பையில் இருப்பதும்தான் உங்கள் மொத்தச் சொத்து. சாப்பாடு, ஷோ, தூக்கம், காலை டிபன், குடியேற்ற வரிசை எல்லாவற்றையும் அதை வைத்தே ஓட்டியாக வேண்டும்.

கம்பெனிகளுக்கும் இது தெரியும். அதனால்தான் படாடோபமான ராத்திரியைக் கடைசியில் வைப்பதில்லை. குனார்டு கம்பெனியின் 'குயீன் மேரி 2' 2004-இல் ஓட ஆரம்பித்தது. உடுப்பு விஷயத்தில் இன்றைக்கும் கெடுபிடியான கப்பல்களில் ஒன்று. சவுத்தாம்ப்டனிலிருந்து நியூயார்க்குக்கு ஏழு ராத்திரிப் பயணத்தில், கருப்பு கோட்டும் போ டையும் நீள கவுனுமாக வரும் 'காலா' ராத்திரிகள் வழக்கமாக ரெண்டு இருக்கும். ரெண்டும் நடுவில்தான் வரும். முதல் ராத்திரியும் கடைசி ராத்திரியும் சுமாரான நல்ல உடுப்பு போதும். இது பழைய நீராவிக் கப்பல் காலத்து வழக்கம். அப்போது பயணிகளின் டிரங்குப் பெட்டிகளில் 'பயணத்தில் தேவை', 'பயணத்தில் தேவையில்லை' என்று சீட்டு ஒட்டுவார்கள். தேவையில்லாதவை அடித்தளக் கிடங்குக்குப் போய்விடும். முதல் ராத்திரி டிரங்கு அறைக்கு வந்து சேர்ந்திருக்காது, கடைசி ராத்திரி பூட்டி வைத்திருப்பார்கள். அந்த ரெண்டு ராத்திரியும் சீமான்கள்கூட சாதாரண கோட்டில் சாப்பிட உட்கார்ந்தால் யாரும் குறை சொன்னதில்லை. டிரங்கு போய் டிராலி வந்துவிட்டது. வழக்கம் மட்டும் அப்படியே நிற்கிறது.

எல்லாக் கம்பெனியும் குனார்டு இல்லை. நார்வீஜியன் குரூஸ் லைன் 2000-இலேயே 'ஃப்ரீஸ்டைல்' என்று சொல்லி, கட்டாய ஃபார்மல் ராத்திரியை எடுத்துவிட்டது. மற்றவர்கள் பெயரை மாற்றினார்கள், விதியைத் தளர்த்தினார்கள். ஒருவார அமெரிக்கக் கப்பல் பயணத்தில் ஒன்றிரண்டு ஃபார்மல் ராத்திரி, மூன்று நாலு ராத்திரிப் பயணத்தில் ஒன்று, அதுவும் இருந்தால். எது எந்தத் தேதி என்று பயணத் திட்டத்தில் போட்டிருப்பார்கள். பட்டு, ஜரிகை, கோட்டு, சூட்டு எல்லாம் அன்றைக்குத்தான்.

சிங்கப்பூரிலிருந்து கப்பல் ஏறப்போகும் என் அண்ணன் மகள் போன் பண்ணினாள்.

"சித்தப்பா, கடைசி நைட்டுக்குன்னே மாம்பழக் கலர்ல பட்டு ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன்."

"ஃபார்மல் நைட்டுக்குக் கட்டிரும்மா அதை."

"அப்போ கடைசி நைட்டுக்கு?"

"மறுநாள் காலைல எதைப் போட்டுட்டு இறங்குவியோ அதையே போடு."

"ஐயே! போட்டோவுல ரெண்டு நாளும் ஒரே டிரெஸ்ஸா வருமே."

"துப்பட்டாவை மாத்திக்கோ. துப்பட்டாவுக்குக் கைப்பைல இடம் இருக்கும். ஆறு கெஜம் பட்டுக்கு இருக்குமா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "எங்க அத்தைக்கு நீங்களே சொல்லிருங்க," என்றாள். அத்தை என்றது மாமியாரை. அந்தப் பொறுப்பு எனக்கெதற்கு?

பட்டுப்புடவைமேல் எனக்கு விரோதம் ஒன்றும் கிடையாது. ஃபார்மல் ராத்திரியில் ஒரு காஞ்சிபுரம் உணவுக்கூடத்துப் படிக்கட்டில் இறங்கி வந்தால் அத்தனை கவுனும் மங்கிவிடும், பார்த்திருக்கிறேன். கடைசி ராத்திரி அதே புடவையைக் கட்டினால் என்ன ஆகும் தெரியுமா? பத்தரைக்கு ஷோ முடிந்து அறைக்கு வரும்போது பெட்டி போயிருக்கும். புடவை, பாவாடை, பிளவுஸ் மூன்றையும் மடித்துத் தோளில் தொங்கும் பையில் திணிக்க வேண்டும். உள்ளே ஏற்கெனவே பாஸ்போர்ட், மாத்திரை, சார்ஜர், நகை எல்லாம் இருக்கும். கசங்கிய பட்டைத் தேய்க்கவும் வழியில்லை. தீ பயத்தால் கேபினில் இஸ்திரிப் பெட்டிக்கு அனுமதியே கிடையாது. கப்பல் லாண்டரியும் அதற்கு முன்பே துணி வாங்குவதை நிறுத்தியிருக்கும்.

ஆண்களுக்குக் கோட்டு விஷயத்தில் இதே பாடு. பெட்டியில் வைத்தால் கசங்கும் என்று கையிலேயே வைத்துக்கொள்வார்கள். ஒரு தடவை அதுவே ஒருவருடைய மானத்தைக் காப்பாற்றியது. வயதான வெள்ளைக்காரர். பொறுப்பாக மற்ற எல்லாத் துணியையும் அடுக்கி, பத்து மணிக்கே பெட்டியை வாசலில் வைத்துவிட்டுத் தூங்கிவிட்டார். காலையில் கதவைத் திறந்து என்னைக் கூப்பிட்டபோது இரவு உடையான கோடுபோட்ட பைஜாமாவோடு நின்றார். காலுறைகூட இல்லை. பெட்டி கூண்டுக்குள், கூண்டு கரையில். புதுசாக வாங்கலாம் என்றால், துறைமுகத்தில் நிற்கும்போது கப்பல் கடைகளைத் திறக்க மாட்டார்கள், வரிச் சலுகைச் சட்டம் அப்படி. ஹேங்கரில் கோட்டு மட்டும் மிச்சம். மேலே நீலக் கோட்டு, கீழே பைஜாமா, காலில் கேபின் செருப்பு. தலை நிமிர்ந்து நடந்து இறங்கினார். வரிசையில் நின்றவர்கள் வழிவிட்டார்கள். ஒவ்வொரு பயணத்திலும் எங்காவது ஒரு மாடியில் இப்படி ஒருவர் அகப்படுவார் என்று ஸ்டீவர்டுகள் சொல்லிச் சிரிப்போம்.

சரி, அப்படியானால் கடைசி ராத்திரி பழைய டீ ஷர்ட் போதுமா? பஃபேயில் சாப்பிட்டால் போதும். ஆனால் பெரிய உணவுக்கூடத்தில் அன்றைக்கு ஒரு கொண்டாட்டம் உண்டு. பல கப்பல்களில் 'பேக்ட் அலாஸ்கா' என்ற ஐஸ்கிரீம் கேக்கை ஏந்தி வெயிட்டர்கள் ஊர்வலம் வருவார்கள். முன்பெல்லாம் விளக்கை அணைத்துவிட்டு, கேக்கின்மேல் நிஜ நெருப்போடு வருவது வழக்கம். தீ பயத்தால் நெருப்பு போய் விளக்கு வந்துவிட்டது. பயணிகள் நாப்கினை எடுத்துத் தலைக்குமேல் சுழற்றுவார்கள். அதுவரை பரிமாறிய வெயிட்டரோடு எல்லோரும் படம் எடுத்துக்கொள்வார்கள். அந்தப் படத்துக்காவது காலர் வைத்த சட்டை, முழுக்கால் சட்டை, பெண்களுக்கு ஒரு நல்ல டாப்ஸ் வேண்டும். உணவுக்கூடத்து ஏசி குளிரும். ஒரு சால்வையை வெளியே வையுங்கள், ராத்திரியும் உதவும், காலையும் உதவும். நியூயார்க் போகிறவர்கள் கண்டிப்பாக ஜாக்கெட்டைப் பெட்டியில் போடக் கூடாது. விடியும் முன்னே வெரசானோ பாலத்துக்கு அடியில் கப்பல் நுழைவதைப் பார்க்க மேல்தளத்தில் கூட்டம் கூடும். அங்கே அடிக்கிற காற்று தூத்துக்குடிக் காற்று இல்லை.

பை வைத்த உடுப்பாக இருந்தால் இன்னும் நல்லது. இதில் எனக்குக் கொஞ்சம் சுயநலம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். கடைசி ராத்திரி ஸ்டீவர்டுக்கும் வெயிட்டருக்கும் உறையில் பணம் வைத்துக் கொடுப்பது பழைய வழக்கம். இப்போது பெரும்பாலும் டிப்ஸ் பில்லிலேயே சேர்ந்துவிடுகிறது. ஆனாலும் கையில் உறை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். உறையைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, "நாளைக்குத் தருகிறேன்" என்று சொன்னவர்களும் இருக்கிறார்கள்.

பாட்டில் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கப்பல் கடையில் வாங்கிய மதுப் பாட்டிலைப் பல கப்பல்களில் கடைசி சாயங்காலம்தான் அறைக்குக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதுவரை ஒழுங்காகப் பெட்டி அடுக்கியவர், கடைசி நிமிஷத்தில் அதைத் துணிக்கு நடுவே செருகுவார். கூண்டில் அடியில் மாட்டிய பெட்டிக்கு என்ன ஆகும் என்று அவர் பார்த்ததில்லை. நான் பார்த்திருக்கிறேன். ஃபார்மல் ராத்திரிக்குக் கட்டிய உடுப்பெல்லாம் விஸ்கியில் ஊறியிருக்கும்.

இவ்வளவு சொன்னேனே, பெட்டியை வெளியே வைப்பது கட்டாயமில்லை. தானே தூக்கிக்கொண்டு இறங்குவதாகச் சொன்னால் பெரும்பாலான கப்பல்களில் விடுவார்கள். அவர்களைத்தான் முதலில் இறக்குவார்கள். 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து 'எம்ப்ரஸ்' புறப்பட ஆரம்பித்த பிறகு நம் ஊரிலும் ரெண்டு மூன்று ராத்திரிப் பயணம் சகஜமாகிவிட்டது. 1990-இல் 'நார்டிக் எம்ப்ரஸ்' என்ற பெயரில் ஓட ஆரம்பித்த கப்பல் அது. அந்த மாதிரிப் பயணத்துக்கு ஆளுக்கு ஒரு சின்ன டிராலி போதும். டிராலி உங்களோடு அறையிலேயே இருந்தால் கடைசி ராத்திரி பட்டு கட்டுங்கள், பட்டு வேட்டி கட்டுங்கள், யார் கேட்பது? காலையில் லிஃப்ட் வரிசையில் மட்டும் பொறுமை வேண்டும்.

அண்ணன் மகள் வீட்டில் ஆளுக்கு ஒரு பெரிய பெட்டி. அவர்களுக்கு அந்த வழி சரிப்படாது. மாமியார் நைட்டி இல்லாமல் தூங்க மாட்டாராம், அதை எங்கே வைப்பது என்று நேற்று வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தாள். நைட்டி கைப்பையில், ஈர நீச்சலுடை பிளாஸ்டிக் பையில், மாமியாரின் மூட்டுவலி மாத்திரை யார் கண்ணிலும் படுகிற இடத்தில் என்று பதில் போட்டேன். மாம்பழப் பட்டு என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.