பன்னீர் திராட்சையின் வாசம்

புத்தூர்க் கடைத்தெருவில் கறுப்புத் திராட்சைக் கூடையைக் கண்டதும், "பன்னீர் திராட்சை வந்திருக்கு, அரைக் கிலோ வாங்கலாம்" என்றேன். பேத்தி முகம் சுளித்தாள். "திராட்சையில எதுக்குத் தாத்தா பன்னீர் போடறாங்க?" அவளுக்குப் பன்னீர் என்றால் பாலைத் திரித்துச் செய்யும் வெள்ளைக் கட்டிதான். அது பாரசீகத்திலிருந்து வந்த வேறு சொல். கல்யாண வாசலில் செம்பிலிருந்து தெளிக்கும் பன்னீரை அவள் அறியாள். இத்தனைக்கும் தெலுங்கிலும் அது பன்னீருதான்!

பெயர் வைத்தவர்கள் அலங்காரத்துக்காக வைக்கவில்லை. உலகம் மஸ்கட் ஹாம்பர்க் என்றழைக்கும் ரகம் இது. இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டில் உருவானது. தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுதும் காய்ப்பது. 2023இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சில நாடுகளில் இதிலிருந்து சிவப்பு ஒயினும் செய்கிறார்கள். (யாரையும் குடிக்கச் சொல்லவில்லை, வாசனையைப் பற்றி மட்டுமே பேசுகிறேன்.)

பெரும்பாலான ஒயின் ரகங்களில் பழத்தை முகர்ந்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. நொதித்த பிறகே மணம் பிறக்கும். மஸ்கட் குடும்பம் விதிவிலக்கு. பழத்திலேயே லினலூல், ஜெரனியால், சிட்ரோனெல்லால் என்னும் எண்ணெய்ப் பொருள்கள் இருக்கின்றன. பின்னவை இரண்டும் ரோஜா எண்ணெயின் முக்கிய மணப்பொருள்கள். லினலூல் நம் அடுக்களைத் தனியாவில் நிறைய உண்டு. ஆக, ரோஜாவும் இந்தத் திராட்சையும் மணப்பது ஒரே சரக்கால்தான். இதுபோலவே சிராஸ் ஒயினில் வரும் மிளகு வாசனைக்கு ரொட்டண்டோன் என்ற பொருளே காரணம் என்று 2008இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டார்கள். நம் மிளகின் வாசனையிலும் அதுவே இருக்கிறது.

இந்த மணப்பொருள்களில் பெரும்பங்கு சர்க்கரையோடு பிணைந்து கிடக்கும். அந்த நிலையில் அதற்கு வாசனையே கிடையாது. நொதிக்கும்போது என்சைம்கள் அந்தப் பிணைப்பை அறுக்க, மணம் வெளிவருகிறது. வாயிலுள்ள சில பாக்டீரியாக்களுக்கும் அந்தத் திறன் உண்டு. மணமும் நிறமும் அதிகம் தங்குவது தோலில். சிவப்பு ஒயினைத் தோலோடு ஊறவைப்பது அதனால்தான். நாமோ சதையை உறிஞ்சிவிட்டுத் தோலையும் கொட்டையையும் சேர்த்துத் துப்புகிறோம். கொட்டையைத் துப்புங்கள், தோலை விட்டுவிடாதீர்கள். நன்றாகக் கழுவிய பிறகுதான், சொல்ல வேண்டியதில்லை.

புத்தூரில் ஒரு சங்கடம் உண்டு. கடைக்காரர் "நல்ல த்ராட்ச" என்று கூவினால் நம் காதுக்கு அது நற்சான்று. தெலுங்கில் 'நல்ல' என்றால் கறுப்பு, அவ்வளவே. கறுப்பாய் இருப்பதெல்லாம் பன்னீர் திராட்சை ஆகாது. சிக்கபள்ளாப்பூர்ப் பக்கம் விளையும் பெங்களூர் ப்ளூவும் கறுப்புத்தான். இசபெல்லா என்ற அமெரிக்கக் கலப்பு ரகம் அது, ஸ்ட்ராபெரி போல மணக்கும். கொட்டையில்லாக் கறுப்பு ரகங்களோ இனிக்கும், வாசனை என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. பிள்ளைகள் கேட்பதென்னவோ அதைத்தான். கொட்டை எடுக்கும் வேலை மிச்சம்! ஒரு பழத்தைக் கசக்கி முகர்ந்து பார்த்து வாங்குவதே வழி. கடைக்காரர் முறைத்தால் நான் பொறுப்பல்ல.

அன்று கூடையில் இருந்தது அசல்தான். வீட்டில் கழுவிக் கொடுத்து, "தோலோடு மென்னு பாரும்மா" என்றேன். கண்ணை மூடிக்கொண்டு மென்றாள்.

"தாத்தா, இது ரோஸ்மில்க் வாசனை!"