ஒசூர் வட்டாரத்தில் சுற்றுச்சூழல் மாற்றமும் கொசுவழித் தீநுண்ம நோய்களும்

கொசுவழித் தீநுண்ம நோய்கள் என்பவை கொசுக்கடி மூலம் பரவும் தீநுண்மங்களால் (வைரசுகளால்) ஏற்படும் நோய்கள் ஆகும். டெங்குக் காய்ச்சல், சிக்குன்குனியா ஆகியன இவற்றுள் முக்கியமானவை. இவ்விரண்டையும் பெரும்பாலும் ஏடிசு எகிப்தி என்னும் கொசு பரப்புகின்றது. கிருட்டிணகிரி மாவட்டத்தின் ஒசூர், மத்திகிரி பகுதிகள் இந்நோய்களுக்கும் சுற்றுச்சூழல் மாற்றத்துக்கும் உள்ள தொடர்பை விளங்கிக்கொள்ள உதவுகின்றன.

பின்னணி

ஒசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், கருநாடக எல்லையை ஒட்டி அமைந்துள்ளது. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்த பின்னர் இப்பகுதியில் மக்கள்தொகை பெருகியது. முன்பு பேரூராட்சியாக இருந்த மத்திகிரி இன்று ஒசூர் மாநகராட்சியின் ஒரு பகுதியாகும்.

நீர்த்தேக்கம்

ஏடிசு கொசு சாக்கடையை விட, தேங்கிய தெளிந்த நீரிலேயே மிகுதியாக முட்டையிடும். எனவே மழை குறைந்தாலும் நோய் குறையும் என்று கொள்ள இயலாது. குழாய் நீர் நாள்தோறும் வராத இடங்களில் மக்கள் தொட்டி, பீப்பாய், குடங்களில் நீரைச் சேமிக்கின்றனர். மூடப்படாத கலன்கள் கொசுவின் பிறப்பிடமாகின்றன. மழைக்காலத்தில் பழைய டயர்களும் கட்டடப் பணியிடத் தொட்டிகளும் இவற்றுடன் சேர்கின்றன. முட்டைகள் நீரின்றிப் பல மாதங்கள் உயிர்ப்புடன் இருக்கவல்லவை.

வெப்பநிலை

கொசு உறிஞ்சிய தீநுண்மம் அதன் உடலில் பெருகி உமிழ்நீர்ச் சுரப்பியை அடைந்த பின்னரே பிறருக்குத் தொற்றும். 25 முதல் 28 பாகை செல்சியசில் இதற்கு ஏறத்தாழ 8 முதல் 12 நாட்கள் ஆகும். குளிரில் இக்காலம் நீள்வதால், பல கொசுக்கள் நோயைப் பரப்பும் முன்பே இறந்துவிடுகின்றன. வெப்பம் உயரும்போது இக்காலம் சுருங்குகின்றது. ஆகவே குளிர்ந்த மேட்டுநிலங்களுக்கு இயற்கை அளித்த பாதுகாப்பு புவி வெப்பமடைதலால் குறையக்கூடும்.

மக்கள் நடமாட்டம்

இக்கொசு பொதுவாகச் சில நூறு மீட்டருக்கு மேல் பறப்பதில்லை. தீநுண்மத்தைத் தொலைவுக்குக் கொண்டு செல்பவர்கள் தொற்றுற்ற மனிதர்களே. ஒசூருக்கும் பெங்களூருக்கும் இடையே வேலைக்காகப் பலர் நாள்தோறும் பயணிப்பதால், நோய்க்கு மாநில எல்லை தடையாவதில்லை. 2006 ஆம் ஆண்டு சிக்குன்குனியா மீண்டும் பரவியபோது கருநாடகம், தமிழ்நாடு ஆகிய இரு மாநிலங்களும் பாதிக்கப்பட்டன. 2017 ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் 23,000க்கும் மேற்பட்டோர் டெங்குவால் பாதிக்கப்பட்டனர்.

தடுப்பு

முட்டை முழுக்கொசுவாக வளர ஒரு வாரத்திற்கு மேல் ஆகலாம். ஆதலால் நீர்க்கலன்களை வாரம் ஒருமுறை காலிசெய்து, முட்டைகள் ஒட்டியுள்ள உட்புறச் சுவரைத் தேய்த்துக் கழுவி, மூடிவைத்தல் இன்றியமையாதது. புகையடித்தல் பறக்கும் கொசுக்களை மட்டுமே கொல்லும். நீரிலுள்ள புழுக்களை அழிக்காது. சீரான குடிநீர் வழங்கல் நீரைச் சேமிக்கும் தேவையைக் குறைப்பதால், அதுவும் ஒரு நோய்த்தடுப்பு நடவடிக்கையே ஆகும்.