மேடைப்பெயருக்குப் பின்னால்

வயதுவந்தோருக்கான வெப்கேம் தளங்களில் பார்வையாளர் செலுத்தும் பணம் நிகழ்த்துநருக்கு எவ்வழியாகச் சென்று சேர்கிறது என்பதைச் சென்ற வாரப் பகுதி விளக்கியது. அப்பணத்தோடு சேர்ந்து வரும் வசை, மிரட்டல், விடாப்பிடியான பின்தொடர்தல் ஆகியவற்றை நிகழ்த்துநர்கள் எவ்வாறு சமாளிக்கிறார்கள் என்பது இவ்வாரத்துக்குரிய பொருள். கேமராவின் முன் அமர்பவர் எந்த நாட்டவராயினும், திருடப்பட்ட தம் காட்சியை ஒரு தளத்திலிருந்து அகற்றக் கோரும்போது பெரும்பாலும் அமெரிக்கச் சட்டத்தின் வழியாகவே செல்ல வேண்டியிருப்பதால், அந்நாட்டு நிலையே இங்கு முதன்மையாக எடுத்துக்கொள்ளப்படுகிறது.

துன்புறுத்தலில் உடனே கண்ணுக்குப் படுவது 'அறை'க்குள் நடப்பது. அறை என்பது நிகழ்த்துநரின் நேரலையும் அதனருகே ஓடும் சாட்டும் சேர்ந்த பக்கம். பல தளங்களில் அதற்குள் நுழையக் கட்டணம் இல்லை, விரும்பியவர் டோக்கன் எனப்படும் தளத்து நாணயத்தை விலைக்கு வாங்கி அன்பளிப்பாகத் தரலாம். காசு கொடுக்காமல் எட்டிப் பார்ப்பவர்கள் உடலையும் நிறத்தையும் வயதையும் இழித்து எழுதுவது அங்கு அன்றாட நிகழ்வு. அவர்களை எழுதவிடாமல் தடுக்கவும், அறையிலிருந்து விலக்கவும், டோக்கன் வைத்திருப்பவர் மட்டுமே எழுதலாம் என வரம்பிடவும், நம்பிக்கைக்குரிய வாடிக்கையாளர் ஒருவரை மாடரேட்டராக, அதாவது சாட்டைக் கண்காணித்து வசையை நீக்குபவராக, அமர்த்தவும் தளங்கள் வசதி தருகின்றன. விலக்கப்பட்டவர் வேறு பெயரில் திரும்பி வரக்கூடும் என்றாலும், வசைக்கு வசை சொல்லத் தொடங்கினால் அந்தச் சண்டையே அன்றைய நிகழ்ச்சியாகிவிடும், பணம் தருபவர்கள் எழுந்து போய்விடுவார்கள் என்பதால், பதில் பேசாமல் விலக்குவதே நடைமுறையில் நிலைத்திருக்கிறது.

இதைவிடச் சிக்கலானது, மிகுதியாகப் பணம் தந்தவரே தொல்லையாக மாறும் நிலை. மாதக்கணக்கில் டோக்கன் வாரி வழங்கிய ஒருவர், அதனால் தமக்கு ஏதோ உரிமை வந்துவிட்டதாக எண்ணி, மற்ற வாடிக்கையாளர்களோடு நிகழ்த்துநர் பேசுவதையே கண்டிக்கத் தொடங்கும்போது, அவரை விலக்குவது வீட்டு வாடகையில் ஒரு பகுதியை விலக்குவதாகவும் அமைந்துவிடுகிறது. நெருக்கத்தின் தோற்றத்தை விற்கும் தொழிலில் அத்தோற்றத்தை ஒருவர் உண்மை என நம்பிவிடுவது தற்செயலான கோளாறு அன்று. வருமானம் வரும் வழியிலேயே அதற்கான விதையும் இருக்கிறது. இத்தொழிலைப் பற்றி 2020இல் நியூயார்க் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட 'கேம்மிங்' என்னும் நூலில் சமூகவியலாளர் ஏஞ்சலா ஜோன்ஸ், நேரில் நிகழும் உடல்சார்ந்த வன்முறைக்குத் திரை ஒரு தடுப்பாக இருப்பதைச் சுட்டிக்காட்டும் அதே வேளையில், திரை வழியாகவே வேறு வகை ஆபத்துகள் வந்து சேர்வதையும் விரிவாகப் பதிவு செய்கிறார்.

அவ்வகை ஆபத்துகள் அறைக்கு வெளியே நிகழ்பவை. நேரலையைப் பார்வையாளரோ, தானியங்கி மென்பொருளோ அனுமதியின்றிப் பதிவு செய்து வேறு தளங்களில் ஏற்றுவதைத் தொழிலில் 'கேப்பிங்' என்பார்கள். ஒருவரின் இயற்பெயர், முகவரி, பணியிடம் முதலியவற்றைத் தேடி எடுத்து அவருக்குத் தீங்கு நேரும்படி வெளியிடுவது 'டாக்ஸிங்'. உறவினர் கண்ணில் படாதிருக்கத் தம் மாநிலத்தையோ நாட்டையோ தடைசெய்யும் வசதியைப் பலரும் பயன்படுத்துகிறார்கள்; ஆனால் இணைய முகவரியைக் கொண்டு இடத்தைக் கணிக்கும் அத்தடையை, வேறிடத்திலிருந்து இணைவதுபோல் காட்டும் வி.பி.என். கொண்டு தாண்டிவிடலாம் என்பது ஒருபுறமிருக்க, திருடப்பட்ட படி ஏறியிருக்கும் தளத்தில் அந்தத் தடையே கிடையாது. ஆகவே நிகழ்த்துநரின் உண்மையான அரண், மேடைப்பெயருக்கும் இயற்பெயருக்கும் நடுவே அவர் எழுப்பும் சுவர்தான். தொழிலுக்கெனத் தனி மின்னஞ்சல், தனித் தொலைபேசி எண், வீட்டு முகவரிக்குப் பதில் அஞ்சல் பெட்டி, பின்னணியில் சன்னல் வழியே தெரு தெரியாத அறை என அச்சுவர் சிறு சிறு கவனங்களால் கட்டப்படுகிறது. பணம் அனுப்பும் செயலி ரசீதில் காட்டிவிடும் ஒரு பெயரால் அது இடிந்தும் போகிறது.

சுவரின் ஒரு சாவி எப்போதும் பிறர் கையில் இருக்கிறது. பாலியல் காட்சிகளில் சிறார் இடம்பெறாதிருப்பதை உறுதிசெய்ய 1988இல் இயற்றப்பட்ட அமெரிக்கச் சட்டம், நிகழ்த்துநரின் வயதை அடையாள ஆவணங்களால் சரிபார்த்து அப்பதிவேட்டைப் பேணும் கடமையைத் தயாரிப்பாளர் மீது சுமத்துகிறது. நோக்கம் மறுக்க முடியாதது; ஆனால் அதன் விளைவாகச் சேரும் ஆவணக் குவியலைக் காக்கும் பொறுப்பை நிறுவனங்கள் அதே அக்கறையோடு ஏற்கவில்லை. வெப்கேம் தளங்களை நடத்தும் ஒரு நிறுவனத்தின் இணையச் சேமிப்பகம் பூட்டின்றித் திறந்து கிடந்ததைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் 2020 ஜனவரியில் வெளிப்படுத்தியபோது, 4,000க்கும் மேற்பட்ட நிகழ்த்துநர்கள் தொடர்பான கோப்புகள், கடவுச்சீட்டுப் படிகள் உட்பட, அதில் இருந்தன.

கேப்பிங்குக்கு எதிராக நிகழ்த்துநர் கையில் உள்ள முதன்மையான கருவி, வியப்புக்குரிய வகையில், பதிப்புரிமைச் சட்டம். 1998ஆம் ஆண்டின் டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டத்தின்படி உரிமையாளர் முறையான அறிவிப்பு அனுப்பினால், அப்படைப்பைத் தாங்கியிருக்கும் தளம் அதை விரைந்து அகற்ற வேண்டும். இல்லையேல் சட்டம் தரும் பாதுகாப்பை அது இழக்க நேரிடும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. அமெரிக்கச் சட்டத்தில் படைப்பு ஏதேனும் ஓர் ஊடகத்தில் பதியப்பட்டால்தான் பதிப்புரிமை பிறக்கிறது; நேரலையைப் பொறுத்தவரை, ஒளிபரப்பாகும் அதே நேரத்தில் படைப்பாளியோ அவர் அனுமதி பெற்றவரோ அதைப் பதிவு செய்துகொண்டிருக்க வேண்டும். திருடர் செய்த பதிவு இதற்குக் கணக்கில் வராது. ஆகையால் தம் நிகழ்ச்சியைத் தாமே பதிவு செய்து வைக்கும் எளிய பழக்கம், பின்னாளில் அகற்றக் கோரும் உரிமைக்கு அடித்தளமாகிறது. ஆனால் அந்த அறிவிப்பில் கையொப்பமும் முகவரி, தொலைபேசி எண் முதலிய தொடர்பு விவரங்களும் இருந்தாக வேண்டும்; அது திருடரின் கைக்கே போய்ச் சேரவும் கூடும். தம் படத்தை மீட்க முயல்பவர் தம் பெயரை ஒப்படைக்க நேர்கிறது. அதனால்தான் முகவர்கள் வழியாக அறிவிப்பு அனுப்பும் சேவைகளுக்குப் பலர் தம் வருமானத்தில் ஒரு பங்கைச் செலவிடுகிறார்கள்.

பதிப்புரிமையை விட்டு அந்தரங்க உரிமைச் சட்டத்தை நாடலாமே என்ற கேள்வி எழுவது இயல்பு. 2022இல் அமெரிக்கா, அந்தரங்கப் படங்களை ஒப்புதலின்றிப் பகிர்ந்தவர்மீது கூட்டாட்சி நீதிமன்றத்தில் இழப்பீடு கோர வழி செய்தது. படமெடுக்க ஒப்புக்கொண்டது பகிர ஒப்புக்கொண்டதாகாது என அச்சட்டம் தெளிவாகச் சொல்கிறது, வழக்காடுபவர் புனைபெயரில் வழக்காட நீதிமன்றம் அனுமதிக்கவும் இடம் தருகிறது. நிகழ்த்துநர்களுக்கென்றே எழுதியதுபோல் தோன்றும் இச்சட்டம், வற்புறுத்தலாலோ மோசடியாலோ எடுக்கப்பட்டாலன்றி வணிக நோக்கிலான பாலியல் காட்சிகளுக்குப் பொருந்தாது என்று விலக்களிக்கிறது. 2025 மே மாதம் கையெழுத்தான மற்றொரு சட்டம், ஒப்புதலற்ற அந்தரங்கப் படங்களைக் கோரிக்கை வந்த 48 மணி நேரத்துக்குள் தளங்கள் அகற்ற வேண்டும் என்கிறது. ஆனால் அதன் குற்றவியல் பகுதியும், பொதுவிடத்திலோ வணிகச் சூழலிலோ ஒருவர் தாமாக வெளிக்காட்டியதைக் குற்றத்தின் வரையறைக்கு வெளியே நிறுத்துகிறது. முறையாக உரிமம் பெற்ற தயாரிப்பாளர் நடிகரின் பிற்கால மனமாற்றத்தால் சிக்கிக்கொள்ளாதிருக்க இத்தகைய விலக்கு தேவைப்படலாம். அதே வாக்கியம், எந்த ஒப்பந்தமும் இன்றிக் காட்சியைத் திருடியவருக்கும் நிழல் தருவது சட்டம் இயற்றியோரின் கவனக்குறைவு என்றே கொள்ள வேண்டும். மேடையில் ஒருமுறை ஏறியவருக்கு அந்தரங்கம் எதுவும் மிச்சமில்லை என்ற பழைய எண்ணம் அதற்குத் துணை நின்றிருக்கிறது.

மிரட்டிப் பணம் பறிக்க முனைபவரிடம் நிலைமை வேறு. குடும்பத்துக்குச் சொல்லிவிடுவேன் என்பதே அவரது முழு ஆயுதம் என்பதால், தாமே முன்சென்று வீட்டில் சொல்லிவிடும் நிகழ்த்துநர்கள் உண்டு. வீடு அதைத் தாங்கும் நிலையில் இல்லாதவர்க்கு அந்த வழி இல்லை. எவ்வழியைத் தேர்ந்தாலும், மிரட்டல் செய்திகளைக் கோபத்தில் அழித்துவிடாமல், தேதியும் நேரமும் பயனர் பெயரும் பக்க முகவரியும் தெரியுமாறு திரையைப் படம்பிடித்து வைப்பது முதல் வேலையாகிறது.

இயற்பெயரைக் கேட்காத முறை ஒன்று, சட்டமன்றங்களிலிருந்து அல்லாமல் தொழிலுக்குள்ளிருந்தே வந்தது. 1980களில் ஆஸ்திரேலியாவின் மெல்பேர்ணில் பாலியல் தொழிலாளர்கள், வன்முறையாளர்களின் அடையாளங்களைத் தொகுத்துத் தங்களுக்குள் எச்சரிக்கையாகச் சுற்றுக்கு விட்டனர். அந்த முறையைத் தேசிய அளவில் விரித்து 2012இல் பிரிட்டனில் தொடங்கப்பட்ட 'நேஷனல் அக்லி மக்ஸ்' என்னும் அமைப்பு, பாதிக்கப்பட்டவர் விரும்பினால் அவரது பெயரை மறைத்தே தகவலைக் காவல்துறையிடம் சேர்க்கிறது. பெயரோடு புகார் செய்வதா வேண்டாமா என்ற முடிவு அவரிடமே விடப்படுகிறது.