பட்டம் பெற்றோரின் பஞ்சாங்கம்

எங்கள் அண்ணனூரில் புதிதாக ஒரு குடும்பம் குடிவந்தால், "எந்த ஊர்? யாருடைய மகள்?" என்று கேட்டுத்தான் பாட்டிமார் பேச்சைத் தொடங்குவார்கள். இந்தக் கேள்விக்கு விடை சொல்லவே ஐரோப்பாவில் ஆண்டுதோறும் ஒரு புத்தகம் அச்சாயிற்று என்றால் வியப்பாக இல்லையா?

ஜெர்மனியிலுள்ள கோத்தா நகரில் 1763-ஆம் ஆண்டு தோன்றிய 'அல்மனாக் த கோத்தா' என்பதே அது. பார்வைக்குச் சிறு பஞ்சாங்கம்தான். ஆனால் அரச குடும்பங்களின் பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாம் அதில் ஏறின. ஆளும் குடும்பங்களுக்கு முதற்பகுதி; ஆட்சியை இழந்தும் சம அந்தஸ்து குறையாத ஜெர்மானியக் குடும்பங்களுக்கு இரண்டாம் பகுதி; ஏனைய கோமகன்களுக்கு மூன்றாம் பகுதி. ஒரு பெண்ணின் வாழ்வையே இந்த வரிசை நிர்ணயித்தது. ஆஸ்திரியப் பட்டத்து இளவரசர் பிரான்ஸ் பெர்டினாந்து 1900-இல் மணந்த சோபி, பிரபு வீட்டுப் பெண்தான். எனினும் அரச குடும்பத்துக்குச் சமமானவளல்லள் என்றார்கள். பிறக்கும் பிள்ளைகளுக்கு அரியணை உரிமை இல்லை என்று இளவரசர் சத்தியம் செய்த பின்னரே திருமணம் நடந்தது!

இங்கிலாந்தில் 1826 முதல் 'பர்க்' என்பாரின் நூல் வழங்கியது. நம் நாட்டுக்கும் இவ்வழக்கம் வந்து சேர்ந்தது. லெத்பிரிட்ஜ் என்னும் ஆங்கிலேயர் 1893-இல் 'இந்தியாவின் பொன்னேடு' எனும் பொருள்படும் ஆங்கில நூலை வெளியிட்டார். மகாராஜாக்கள் மட்டுமல்ல, ராவ்பகதூர்களும் அதில் உண்டு. சென்னையில் அ. வடிவேலு என்பவர் தென்னிந்தியப் பிரபுக்களைப் பற்றி 1903-இல் தனி நூலே எழுதினார்.

சோபியின் கதை நம் புதுக்கோட்டையிலும் நடந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915-இல் மாலி பிங்க் என்ற ஆஸ்திரேலியப் பெண்மணியை மணந்தார். ஆங்கில அரசு அவரை ராணியாக ஏற்கவில்லை. அவர்களுடைய மகனுக்கும் பட்டம் கிட்டவில்லை. மன்னர் 1928-இல் காலமானதும், குடும்பத்தின் வேறொரு கிளையைச் சேர்ந்த ஆறு வயதுச் சிறுவர் ராஜகோபாலத் தொண்டைமானே அரியணை ஏறினார். அந்தத் தாயும் மகனும் செய்த குற்றம் என்ன என்று எங்களுக்கு விளங்கவில்லை.

கோத்தா பஞ்சாங்கம் 1944-உடன் நின்றது. 1998-இல் லண்டனில் மீண்டும் வெளிவந்தது. இந்திய மன்னர்களின் மானியமும் பட்டமும் 1971-இல் சட்டத்தால் நீங்கின. 1948-இலேயே புதுக்கோட்டை சென்னை மாகாணத்துடன் இணைந்துவிட்டது. ராஜகோபாலத் தொண்டைமானின் அரண்மனையில் இப்போது மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நடக்கிறது.