ஹைட்ரோஜெல் வாங்கப் போறீங்களா? முதல்ல உங்க வீட்டுத் தண்ணியைப் பாருங்க!

`ஒரு ஸ்பூன் போட்டா போதும், வாரம் முழுக்கத் தண்ணியே ஊத்த வேணாம்’ - இப்படி ஒரு ரீல்ஸ் உங்க கண்ணுலயும் பட்டிருக்கும். சிவகாசி, விருதுநகர் பக்கம் மொட்டை மாடியில செடி வளர்க்கிறவங்களுக்கு இதைப் பார்த்தா ஆசை வராம இருக்காது. இந்த ஊருக்குப் பட்டாசையும் தீப்பெட்டியையும் கொண்டுவந்து சேர்த்த அதே வறண்ட வெயில்தான், காலையில ஊத்துன தண்ணியைச் சாயங்காலத்துக்குள்ள தொட்டியிலிருந்து உறிஞ்சிடுது. நல்ல தண்ணி குழாயில எப்போ வரும்னு காத்திருந்து பிடிக்கிற வீட்டுல, புதினாவுக்குத் தினமும் ரெண்டு வேளை ஊத்த முடியுமா என்ன?

சரி, ஹைட்ரோஜெல்னா என்ன? பார்க்க சர்க்கரை மாதிரி இருக்கும் பாலிமர் துகள். தண்ணியில போட்டா ஊறவெச்ச ஜவ்வரிசி மாதிரி உப்பிடும். மண் காயக் காய, பிடிச்சு வெச்ச தண்ணியை வேருக்குக் கொஞ்சம் கொஞ்சமா விடும். டெல்லியில இருக்கும் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் செல்லுலோஸை அடிப்படையா வெச்சு உருவாக்குன `பூசா ஹைட்ரோஜெல்’, சுத்தமான தண்ணியில தன் எடையைப் போல 350 மடங்குக்கு மேல உறிஞ்சும். 40 டிகிரி வெயிலிலும் வேலை செய்யும். மானாவாரி நிலத்தை மனசுல வெச்சு உருவாக்குனது அது.

இங்க `சுத்தமான தண்ணி’ங்கிற வார்த்தையை மட்டும் ரெண்டு தடவை படிங்க. விளம்பரத்துல அதைத்தான் சத்தமில்லாம விட்டுடுறாங்க.

ஜெல்லுக்குள்ள இருக்கும் பாலிமர் இழைகள்ல ஒரே வகை மின்சுமை இருக்கு. அதனால ஒண்ணையொண்ணு தள்ளிக்கிட்டு விரியும். அந்த இடைவெளியிலதான் தண்ணி நிக்குது. உப்பு கலந்த தண்ணின்னா, அதுல இருக்கும் சோடியம், கால்சியம், மெக்னீசியம் எல்லாம் அந்தத் தள்ளுவிசையைக் குறைச்சிடும். கால்சியம் இன்னும் மோசம், இழைகளைச் சேர்த்துக் கட்டியே போட்டுடும். நம்ம பக்கம் போர்வெல் தண்ணி பல தெருக்கள்ல எப்படியிருக்கும்னு உங்க வீட்டு வாளியில படிஞ்ச வெள்ளைக் கறையே சொல்லும். அந்தத் தண்ணியில 350 மடங்கெல்லாம் கனவு. பாதிக்கும் கீழதான் நிக்கும்.

நம்பலைன்னா வீட்டுலயே பாருங்க. கால் டீஸ்பூன் ஜெல்லை மழைத்தண்ணியிலயும், இன்னொரு கால் டீஸ்பூனை போர்வெல் தண்ணியிலயும் போட்டு ரெண்டு மணி நேரம் விடுங்க. அப்புறம் நல்லா உப்புன ஜெல் மேல ஒரு சிட்டிகை கல்லுப்பு தூவுங்க. தண்ணியைக் கக்கிட்டு அது சுருங்குறதைக் கண்ணாலயே பார்க்கலாம்.

அதுக்காக வாங்கவே வேண்டாம்னு சொல்லலை. மழைத்தண்ணி, ஏ.சி-யிலிருந்து சொட்டுற தண்ணி ரெண்டுலயும் உப்பு ரொம்பக் கம்மி. முதல்ல ஊற வைக்க அதைப் பயன்படுத்துங்க. ஒரு லிட்டர் மண்ணுக்கு 1 முதல் 2 கிராம் காய்ந்த ஜெல் போதும். வேர் இருக்கும் ஆழத்துல கலக்கணும். மேலாகத் தூவினா வெயில்ல காய்ஞ்சு வீணாகிடும். `கூடப் போட்டா கூட நாள் தாங்கும்’னு அள்ளிப் போட்டா, ஐப்பசி மழையில ஜெல் உப்பி மண்ணையே மேலே தள்ளும், வேரும் அழுகும். புதினா, கொத்தமல்லி, தக்காளிக்குச் சரி. கற்றாழைக்கும் கள்ளிக்கும் வேண்டவே வேண்டாம். அதுங்க இந்த ஊர் வெயிலுக்குன்னே பிறந்ததுங்க.

டயப்பரைக் கிழிச்சு ஜெல் எடுக்கிற `ஹேக்’கும் சுத்துது. அதுல இருக்கிறது பொதுவா சோடியம் பாலிஅக்ரிலேட். ஏற்கெனவே உப்புத் தண்ணி குடிக்கிற செடிக்கு இன்னும் சோடியம் எதுக்கு? பொட்டாசியம் பாலிஅக்ரிலேட்னோ, செல்லுலோஸ் வகைன்னோ பாக்கெட்டுல போட்டிருக்கான்னு பார்த்து வாங்குங்க.

வீட்டுல சின்னக் குழந்தை இருந்தா, மிட்டாய் மாதிரி மின்னுற கலர் ஜெல் மணிகள் பக்கமே போகாதீங்க. முழுங்கினா வயித்துக்குள்ள போய் உப்பிக் குடலை அடைச்சிடும். அமெரிக்காவுல 2023-ல அமேசான், வால்மார்ட், டார்கெட் மூணும் குழந்தைகளுக்குன்னு வந்த இந்த மணிகளை விற்கிறதையே நிறுத்திட்டாங்க. செடிக்கு வாங்குற துகளையும் சமையலறை அலமாரியில, சர்க்கரை டப்பா பக்கத்துல வைக்காதீங்க.