அந்தரத்தில் ஒரு மரபு: குடும்பச் சர்க்கஸும் ஊசலின் கணக்கும்

கூடாரச் சர்க்கஸின் வரலாறு பெரும்பாலும் சிங்கம், யானை, கோமாளி ஆகியவற்றைச் சுற்றியே எழுதப்பட்டு வந்துள்ளது. ஆனால் அக்கலையை நூறாண்டுகளுக்கும் மேலாக ஊர்விட்டு ஊர் சுமந்து சென்றது குடும்பம் என்னும் அமைப்பே என்பது போதிய அளவு கவனிக்கப்படவில்லை. மதுரையிலிருந்து தென்காசி செல்லும் சாலையில் அடுத்தடுத்து அமைந்துள்ள ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும் சர்க்கஸ் முகாமுக்கு, அதாவது கூடாரம் அடித்துச் சில வாரங்கள் தங்கிக் காட்சிகள் நடத்துவதற்கு, ஏற்ற ஊர்கள் எவ்வாறு இருக்க வேண்டும் என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டுகள். முன்னது ஆடிப்பூரத் தேரோட்டத்திற்குச் சுற்று வட்டார மக்கள் அனைவரையும் திரட்டும் கோயில் நகரம். பின்னது நூற்பாலைகளின் ஷிப்ட் முறையால் தொழிலாளர்கள் வெவ்வேறு நேரங்களில் ஓய்வு பெறும் நகரம் என்பதால், நாளுக்கு மூன்று காட்சிகள் நடத்தும் சர்க்கஸின் கால அட்டவணைக்கு இயல்பாகவே பொருந்துவது.

உடல் வித்தையைக் குடும்பமாகக் கற்றுக் குடும்பமாகப் பயணம் செய்து காட்டும் வழக்கம் தமிழகத்திற்கு மேலைநாட்டிலிருந்து வந்ததன்று. மூங்கிற்கழைகளை நாட்டிக் கயிற்றின்மேல் நடந்து காட்டும் கழைக்கூத்தாடிகள் தந்தை பறை கொட்ட, தாய் கயிற்றின் பிடிமானத்தைக் கவனிக்க, மகள் மேலே நடக்க என்று தொழிலைப் பகிர்ந்துகொண்டவர்கள். கயிற்றின்மேல் ஆடுவோரின் பறையைக் குறுந்தொகையின் ஏழாம் பாடலே குறிப்பிடுவதால் இவ்வழக்கத்தின் தொன்மை விளங்கும். வட்ட வடிவ ஆட்டக்களமும் நுழைவுச் சீட்டும் கொண்ட நவீன சர்க்கஸ் 1768இல் லண்டனில் பிலிப் ஆஸ்ட்லி என்னும் குதிரை வீரரால் தொடங்கப்பட்டுப் பின்னரே இந்தியாவை வந்தடைந்தது. இத்தாலியரான கியாரினியின் சர்க்கஸ் குழு பம்பாயில் நடத்திய காட்சியைக் கண்டு தூண்டுதல் பெற்று, குருந்த்வாட் சமஸ்தானத்தின் குதிரை லாயத்தைக் கவனித்துவந்த விஷ்ணுபந்த் சத்ரே 1880 மார்ச் 20 அன்று பம்பாயில் ‘கிரேட் இந்தியன் சர்க்கஸ்’ என்னும் குழுவின் முதற்காட்சியை நடத்தினார். அக்குழுவில் சத்ரேயின் மனைவியே ஊஞ்சல் வித்தை செய்தார் என்பதும், சத்ரேக்குப் பின் குழு அவருடைய உறவினரான காசிநாத்பந்திடம் சென்றது என்பதும் இந்தியச் சர்க்கஸ் தன் முதல் நாளிலிருந்தே வீட்டுத் தொழிலாக இருந்ததைக் காட்டுகின்றன.

சத்ரேயின் குழு வடகேரளத்தின் தலசேரிக்குச் சென்றபோது, அங்கே களரிப்பயிற்றும் உடற்பயிற்சியும் கற்பித்துவந்த கீலேரி குஞ்ஞிக்கண்ணன் அதனோடு தொடர்பு கொண்டார். அவர் 1901இல் தலசேரிக்கு அருகிலுள்ள சிறக்கரையில் தொடங்கிய பயிற்சிக்கூடத்திலிருந்து வெளிவந்த கலைஞர்களே பிற்கால இந்தியச் சர்க்கஸ் நிறுவனங்களில் மிகப் பலவற்றை உருவாக்கினர். அவரிடம் சிறுவயதில் பயின்ற எம். வி. சங்கரன் இராணுவப் பணிக்குப் பின் பல குழுக்களில் பார் விளையாட்டுக் கலைஞராக விளங்கி, 1951இல் நண்பருடன் சேர்ந்து ‘விஜயா சர்க்கஸ்’ என்னும் நலிந்த குழுவை விலைக்கு வாங்கினார். அதற்குத் தம் பிறந்த ராசியான மிதுனத்தின் ஆங்கிலப் பெயரைச் சூட்டி, அவ்வாண்டு ஆகஸ்ட் 15 அன்று குஜராத்தின் பிலிமோராவில் ‘ஜெமினி சர்க்கஸ்’ஸைத் தொடங்கினார். 1964இல் சோவியத் நாட்டில் காட்சிகள் நடத்திய ஜெமினி குழு, கமல்ஹாசனின் ‘அபூர்வ சகோதரர்கள்’ (1989) படப்பிடிப்பின் வழியாகத் தமிழ்ப் பார்வையாளர்களுக்கும் நெருக்கமாயிற்று. 1977இல் ‘ஜம்போ சர்க்கஸ்’ஸும் அவருடைய பொறுப்பில் தொடங்கியது, பின்னர் இரு நிறுவனங்களின் நிர்வாகமும் மகன்களிடம் சென்றது, ‘ஜெமினி சங்கரன்’ என்றே அறியப்பட்ட அவர் 2023 ஏப்ரலில் மறைந்தார்.

நிறுவனத்தின் உடைமை தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்வதில் வியப்பு ஏதுமில்லை. வித்தை எவ்வாறு கைமாறுகிறது என்பதே ஆராயத் தக்கது. அதற்குப் ‘பறக்கும் ஊஞ்சல்’ எனப்படும் ஆட்டத்தைவிடச் சிறந்த சான்று இல்லை. 1859இல் பாரிஸ் நகரில் இதனை முதன்முதலாக மேடையேற்றிய ஜூல் லியோத்தார் என்னும் இளைஞரும் துலூஸ் நகரில் தம் தந்தை நடத்திய உடற்பயிற்சிக்கூடத்தில் பயின்றவரே என்பது குறிப்பிடத்தக்கது. இவ்வாட்டத்தில் உயரமான மேடையிலிருந்து பாரைப் பற்றிக்கொண்டு ஆடிச் சென்று, கைவிட்டு, அந்தரத்தில் உருண்டு பாய்பவர் ‘பிளையர்’. எதிர்ப்புறத்து ஊஞ்சலில் முழங்கால்களால் தொங்கியவாறு அவரைப் பிடிப்பவர் ‘கேட்சர்’. பார்வையாளர்களின் கைத்தட்டல் பெரும்பாலும் பிளையருக்கே கிடைக்கிறது. ஆனால் ஆட்டத்தின் தாளத்தை வகுப்பவரும், எந்த நொடியில் மேடையை விட்டுப் புறப்பட வேண்டும் என்று குரல் கொடுப்பவரும் கேட்சரே.

இத்தாளத்தின் அடிப்படை இயற்பியலில் ஊசல் எனப்படும் அமைப்பின் ஒரு விந்தையான பண்பாகும். ஊசல் ஒருமுறை போய்த் திரும்பும் காலம் அதன் நீளத்தைப் பொறுத்ததே தவிர, அதில் தொங்கும் பொருளின் எடையைப் பொறுத்ததன்று. கயிறு கட்டப்பட்ட இடத்திலிருந்து தொங்குபவரின் உடலின் எடைமையம் வரை, அதாவது உடலின் எடை முழுவதும் குவிந்திருப்பதாகக் கொள்ளத்தக்க புள்ளி வரை, ஐந்து மீட்டர் நீளம் இருப்பின், அந்த ஊஞ்சல் சென்று திரும்புவதற்கு ஏறத்தாழ நாலரை வினாடி ஆகும். தொங்குபவர் எழுபது கிலோ எடையுள்ள தந்தையாயினும் நாற்பது கிலோ எடையுள்ள மகளாயினும் இக்காலத்தில் பெரிய மாற்றம் நேர்வதில்லை. தந்தை தம் உடலில் பதித்துக்கொண்ட அதே எண்ணிக்கையை மகள் அப்படியே பெற்றுக்கொள்ள முடிகிறது என்பதால், இவ்வித்தை ஒரு குடும்பத்திற்குள் தலைமுறை கடந்து செல்வதற்கு இயற்கை விதியே துணை நிற்கிறது என்று கூறலாம். கால்களை மடக்கி உயர்த்தும்போது எடைமையமும் உயர்ந்து ஊசலின் நீளம் குறைவதால் ஆட்டம் சற்று விரைவுறும்; கால்களை நீட்டினால் சற்றுத் தாமதமுறும். இச்சிறு வேறுபாட்டைக் கொண்டே பிளையர் தம் ஆட்டத்தைக் கேட்சரின் ஆட்டத்தோடு இணைத்துக்கொள்கிறார்.

கைவிட்டபின் திருத்திக்கொள்ள இடமில்லை. ஒரு மீட்டர் மேலெழுந்து மீண்டும் அதே உயரத்திற்கு இறங்க உடல் எடுத்துக்கொள்ளும் காலம் முக்கால் வினாடியைவிடச் சற்றே மிகுதி, ஒரு வினாடிக்கும் குறைவு. அவ்வாறு ஒரு மீட்டர் விழுந்த உடலின் வேகம் வினாடிக்கு 4.4 மீட்டராக இருக்கும் என்பதால், கேட்சர் வினாடியில் பத்தில் ஒரு பங்கு தாமதித்தாலும் உடல் ஏறத்தாழ அரை மீட்டர் கீழே சென்றுவிடும். அது கைக்கெட்டாத தொலைவு. இதனாற்றான் இருவரும் விரல்களைக் கோத்துக்கொள்வதில்லை. ஒருவர் மணிக்கட்டை மற்றவர் பற்றும் பிடி கையாளப்படுகிறது, ஏனெனில் ஒருவரின் பிடி நழுவினும் மற்றவரின் பிடி தாங்கும். புதிதாகப் பயில்பவருக்குப் பறத்தலுக்கு முன் கற்பிக்கப்படுவது வலையில் முதுகு படுமாறு விழும் முறையே. ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற தேரோடும் ஊர்களில், உருளும் சக்கரத்தின் அடியில் உரிய கணத்தில் தடி போட்டுத் தேரின் போக்கைக் கட்டுப்படுத்துவோரின் அறிவும் இத்தகையதே: அது ஏட்டில் எழுதப்படுவதில்லை, மூத்தவரின் அருகில் பல ஆண்டுகள் நின்று பெறப்படுவது.

இத்தகைய அறிவு இன்று அறுந்துவிடும் நிலையில் இருப்பதற்குச் சட்டங்களைக் காரணம் காட்டுவது முறையாகாது. சிங்கம், புலி, சிறுத்தை, கரடி, குரங்கு ஆகியவற்றை வித்தைக்குப் பழக்கக் கூடாது என 1998இல் மத்திய அரசு விதித்த தடையையும், 2001இல் உச்ச நீதிமன்றம் அதனை உறுதிப்படுத்தியதையும் கூண்டுகளில் அவ்விலங்குகள் பட்ட துன்பத்தை எண்ணுவோர் எவரும் வரவேற்பர். குழந்தைகளைச் சர்க்கஸில் வேலைக்கு அமர்த்தக் கூடாது என்பதற்கு வழிவகுத்த 2011ஆம் ஆண்டுத் தீர்ப்பும் நியாயமானதே. வறுமையால் பெற்றோரைப் பிரிந்து கூடாரங்களுக்குள் வளர்ந்த சிறுவர் பலர் என்பதை மறைத்துவிட்டு இக்கலையைப் போற்றுவது அறமன்று. ஆயினும், பழைய பயிற்சி முறை நிறுத்தப்பட்டபோது அதற்கு ஈடான பள்ளி எழவில்லை என்பதே குறை. மாஸ்கோவில் 1927லேயே அரசு சர்க்கஸ் பள்ளி அமைந்து, பொதுக் கல்வியோடு இவ்வித்தையும் கற்பிக்கப்பட்டது. இந்தியாவிலோ 2010இல் தலசேரியில் கேரள அரசு தொடங்கிய பயிற்சி நிலையமும் நிலைபெறவில்லை.

இடமின்மை இரண்டாவது குறை. ஒரு கூடாரம், கலைஞர்களின் தங்குமிடங்கள், சமையற்கூடம், வண்டிகள் ஆகியவற்றுக்குச் சமதளமான பெரிய திடல் தேவை. ஊர்களின் நடுவே இருந்த அத்தகைய திடல்கள் கட்டடங்களாகவும் மனைகளாகவும் மாறிவரும்போது, குழுக்கள் ஊருக்கு வெளியே தள்ளப்பட்டு, பார்வையாளர்களையும் இழக்கின்றன. திரைப்படத்தில் சர்க்கஸ் காட்சியைக் கண்டு மகிழும் சமூகம் அதே ஆட்டத்தை உயிரோடு நிகழ்த்துவோருக்குச் சில வாரங்கள் மண்தரை தர மறுப்பது பொருந்தாது.

1949 முதல் 1952 வரை சென்னை மாநிலத்தின் முதலமைச்சராக விளங்கிய பூ. ச. குமாரசாமி ராஜா, ராஜபாளையத்தில் தம் சொந்த வீட்டையே காந்தி கலைமன்றத்திற்கு வழங்கியவர். எனவே கலைக்கு இடமளித்தல் அவ்வூருக்குப் புதிய நெறி அன்று. நகராட்சிகள் ஒரு திடலைக் கட்டடமின்றிக் காத்து எளிய வாடகைக்குத் தருவதும், பள்ளிகளில் உடற்பயிற்சியின் ஒரு பகுதியாகப் பாதுகாப்பான ஊஞ்சல் பயிற்சியைச் சேர்ப்பதும், அதனைக் கற்பிக்கும் பணியை முதிர்ந்த சர்க்கஸ் கலைஞர்களுக்கு ஊதியத்தோடு வழங்குவதும் பெருஞ்செலவு கோரும் செயல்கள் அல்ல. ஊசலின் கால அளவை ஊகத்தாலன்றி உடலால் அறிந்த கடைசித் தலைமுறை நம்மிடையே வாழ்ந்துகொண்டிருக்கும்போதே இவை நிகழ வேண்டும். ஏனெனில் அவர்களுடைய அறிவு வேறெங்கும் சேமிக்கப்படவில்லை.