இடைவெளியும் ஒரு கட்டளையே

‘பலகை’ எனச் சேர்த்து எழுதினால் ஒரு பொருள். ‘பல கை’ எனப் பிரித்து எழுதினால் வேறு பொருள். தமிழில் இடைவெளி பொருளை மாற்றுவதைப் போலவே, கணினிக்கு இடும் கட்டளையிலும் ஓர் இடைவெளி பெரும் விளைவை ஏற்படுத்தக்கூடும்.

இன்று பெரும்பாலோர் திரையிலுள்ள சின்னங்களைச் சொடுக்கிக் கணினியை இயக்குகின்றனர். எனினும், நிரலாளர்கள் பலர் கட்டளைகளைத் தட்டச்சு செய்தும் இயக்குகின்றனர். அக்கட்டளைகளைப் படித்து, பகுதிகளாகப் பிரித்து, உரிய செயலியிடம் ஒப்படைக்கும் மென்பொருள் ‘ஷெல்’ எனப்படும். யூனிக்ஸ் இயங்குதளத்திற்காகக் கென் தாம்சன் 1971இல் உருவாக்கிய ஷெல், இவ்வகை மென்பொருளின் முன்னோடிகளுள் ஒன்றாகும்.

ஷெல், இடைவெளியைச் சொற்களின் எல்லையாகக் கருதுகிறது. ‘கட்டுரை இறுதி’ என்னும் கோப்பை அழிக்குமாறு கட்டளையிட்டால், ‘கட்டுரை’, ‘இறுதி’ ஆகிய இரு கோப்புகளை அழிக்கச் சொல்வதாக அது புரிந்துகொள்ளும். ‘கட்டுரை’ என்னும் பெயரில் வேறொரு கோப்பு இருந்தால் அது அழிந்துவிடும். அழிக்க நினைத்த கோப்போ அப்படியே இருக்கும். பெயர் முழுவதையும் மேற்கோள் குறிகளுக்குள் இட்டால் இக்குழப்பம் நேராது.

நட்சத்திரக் குறியும் கவனத்திற்குரியது. ‘நகல்*’ என்பது, ‘நகல்’ எனத் தொடங்கும் கோப்புகளை மட்டும் குறிக்கும். ஷெல் அக்குறியைப் பொருத்தமான கோப்புப் பெயர்களாக விரித்த பின்னரே செயலியிடம் தருகிறது. தவறுதலாக ‘நகல் *’ என இடைவெளி விட்டால், தனித்து நிற்கும் அக்குறி கோப்புறையில் வெளிப்படையாகத் தெரியும் எல்லாக் கோப்புகளையும் குறித்துவிடும். யூனிக்ஸில் அழித்தல் கட்டளையால் நீக்கப்படும் கோப்புகள் குப்பைத்தொட்டிக்குச் செல்வதில்லை. எனவே, அவற்றை மீட்பது கடினம்.

இத்தகைய பிழை வல்லுநர்களுக்கும் நேர்ந்துள்ளது. ஆப்பிள் நிறுவனம் 2001 நவம்பரில் ஐடியூன்ஸ் 2.0 மென்பொருளை வெளியிட்டது. அதன் நிறுவல் நிரலில், பழைய பதிப்பை நீக்கும் கட்டளையில் மேற்கோள் குறிகள் விடுபட்டிருந்தன. அதனால், வன்தட்டின் பெயரில் இடைவெளி வைத்திருந்த பயனர்கள் சிலர் தங்கள் கோப்புகளை இழந்தனர். நிறுவனம் விரைந்து திருத்திய பதிப்பை வெளியிட்டது.

ஷெல், பயனரின் எண்ணத்தை அறியாது. எழுதப்பட்டதை மட்டுமே நிறைவேற்றும். ஆகவே, அழிக்கும் கட்டளையை இடுவதற்கு முன், அதே குறியைப் பட்டியலிடும் கட்டளையுடன் பயன்படுத்தி, எந்தெந்தக் கோப்புகள் வருகின்றன எனப் பார்ப்பது நல்லது. முக்கியமான கோப்புகளுக்குக் காப்புநகல் வைத்திருப்பதும் அவசியமாகும். சில விநாடிச் சரிபார்ப்பு, பல நாள் உழைப்பைக் காக்கும்.